பர்ஸுக்குள் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பர்ஸைச் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பார்த்தேன். காலாவதியான ஏடிஎம் கார்டு, பழனி விபூதிப் பொட்டலம், பாஸ்போர்ட் அளவு போட்டோ மூன்று, நாலாக மடித்த நகை அடகுச் சீட்டு, எழுத்தே இல்லாமல் வெளுத்துப்போன பில் ஏழு. நோட்டு இரண்டுதான் இருந்தது. அதில் எது வீட்டுச் செலவுக்கு, எது என் கைச்செலவுக்கு என்று எனக்கே தெரியவில்லை. மாதக் கடைசியில் பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்த மேசையிலேயே கிடந்தது.

எல்லாப் பணத்தையும் ஒரே அறையில் போட்டு வைப்பதுதான் முதல் தவறு. என் ஆச்சி பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரை விற்றவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய சுருக்குப் பைக்குள் துணித்துண்டில் இரண்டு முடிச்சு இருக்கும். ஒன்று மறுநாள் கொள்முதலுக்கான முதல், இன்னொன்று சீட்டுப் பணம். வெளியே கிடக்கும் சில்லறை மட்டும்தான் செலவுக்கு. மிட்டாய்க்குக் காசு கேட்டு நான் முடிச்சைக் காட்டினால், "முதல்ல கை வச்சா நாளைக்கு ஏவாரம் எப்படில நடக்கும்?" என்பார்.

பால்காரருக்குக் கொடுக்க வேண்டியது, சீட்டுக்குக் கட்ட வேண்டியது எல்லாம் நம் பர்ஸில் இருந்தாலும் நம் பணம் இல்லை. அவற்றை ஜிப் வைத்த அறையில் தனியே வையுங்கள். முன் அறையில் அந்த வாரச் செலவுக்கானது மட்டும் இருக்கட்டும். அது புதன்கிழமையே தீர்ந்துவிட்டால், அந்த வாரம் எங்கோ கை நீண்டிருக்கிறது என்று புதன்கிழமையே தெரிந்துவிடும். இருபது ரூபாய் டீக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள். மாற்றிய நோட்டு வீடு வந்து சேராது என்பது பலரும் பட்டறிந்தது.

அடுத்தது பில். கடைகளில் பெரும்பாலும் சூடு பட்டு எழுத்து வரும் தெர்மல் காகிதத்தில்தான் பில் அடிக்கிறார்கள். உடம்புச் சூட்டிலும் உரசலிலும் அது வெளுத்துப்போகும். மிக்ஸி ரிப்பேர் ஆகி வாரன்டி கேட்கும் நாளில் கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். வாரன்டி உள்ள பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். மற்றதைச் சனிக்கிழமை இரவு நோட்டில் எழுதிவிட்டுக் கிழித்துப் போடலாம். அடகுச் சீட்டின் இடம் பீரோ.

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு ஒன்று உண்டு. பின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி, கார்டோடு சேர்த்து வைப்பது. வயதானவர்கள் மறந்துவிடுமோ என்று இப்படிச் செய்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. தகவல் சொன்ன பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

பின் நம்பரே இல்லாமலும் பணம் போகலாம். 2021 ஜனவரி முதல், தட்டினாலே பணம் போகும் வைஃபை குறியுள்ள கார்டுகளில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் எடுக்க வழி இருக்கிறது. வங்கியின் ஆப்பில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம், வரம்பையும் குறைக்கலாம். இரண்டு நிமிட வேலை, இன்றே செய்துவிடுங்கள். மூன்று நான்கு கார்டையும் சுமக்க வேண்டாம், ஒன்று போதும்.

ஆதார், பான் அட்டைகள் தினமும் பர்ஸில் இருக்க அவசியமில்லை. டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் உள்ள ஓட்டுநர் உரிமமும் வண்டியின் ஆர்சியும் அசலுக்குச் சமம் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வடிவத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பர்ஸ் மெலியும். தடித்த பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து இடுப்பு வலியை வாங்கிக்கொள்ளவும் வேண்டாம்.

"எனக்குப் பர்ஸே கிடையாது, எல்லாம் ஜிபேதான்" என்பவர்களும் எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் அந்த முதல் தவறைச் செய்கிறார்கள். சம்பளம் வரும் கணக்கிலேயே யுபிஐ இருந்தால், ஆச்சியின் முதல் முடிச்சை அவிழ்த்து டீக்கடையில் வைத்த கதைதான். இன்னொரு கணக்கு தொடங்கி, திங்கட்கிழமைதோறும் வாரச் செலவை அதில் போட்டு, யுபிஐயை அதோடு மட்டும் இணையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தால் வீடு திரும்ப, ஓர் இருநூறு ரூபாய் நோட்டாகக் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கார்டை முடக்க அழைக்க வேண்டிய எண்ணைக் குறித்து அந்தச் சீட்டையும் பர்ஸிலேயே வைத்தால், தொலையும்போது இரண்டும் சேர்ந்துதான் தொலையும். எண் போனிலும் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்திலும் இருக்கட்டும். பர்ஸ் தொலைந்தால் முதலில் கார்டை முடக்குங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேடுங்கள். தொலைந்த ஆவணங்களுக்கான புகாரைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதியலாம்.