ஒயின் ஆலைகளைச் சுற்றும் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கும் நாள் கெட்டுப்போனால், பெரும்பாலும் அதற்குக் காரணம் அளவு மீறியதுதான். போகிற ஆலைகள், சுவைக்கிற வகைகள், வாங்குகிற பாட்டில்கள் எல்லாமே கூடிப்போகின்றன. மூக்கும் நாக்கும் ஒரு நாளில் உணரக்கூடியதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை முதலில் கணக்கில் வைத்துக்கொண்டு, பிறகு திட்டம் போடுங்கள்.

ஒரே நாளில் ஐந்தாறு ஆலைகளைத் திணிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சுவைக்க ஊற்றும் அளவு வழக்கமாக 30 மி.லி. பார்க்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஓர் ஆலையில் ஐந்து வகை என்றால் 150 மி.லி., அதாவது ஒரு முழுக் கோப்பை. நான்கு ஆலைகளில் 600 மி.லி. ஆகிவிடும், 750 மி.லி. பாட்டிலில் ஐந்தில் நான்கு பங்கு அது. ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதம் என்றால், உடலுக்குள் போவது சுமார் 60 கிராம் ஆல்கஹால். உடல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். சிறு சிறு அளவாக வருவதால், எவ்வளவு குடித்தோம் என்பதே தெரியாமல் போகிறது.

மூன்று ஆலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 90 நிமிடம், நடுவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், பயணத்துக்கு அரை மணி வீதம் ஒதுக்கினால், காலை 10.30க்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் முடிக்கலாம். நீங்கள் மிகவும் ஆசைப்படும் ஆலையை முதலில் வையுங்கள். புகழ்பெற்ற ஆலையைக் கடைசிக்கு விட்டுவைப்பவர்கள் அதிகம். அங்கே போய்ச் சேரும்போது நாக்கு மரத்திருக்கும். இருப்பதிலேயே விலை உயர்ந்த ஒயினும் மற்றவற்றைப் போலத்தான் தெரியும்.

துப்புவதற்குக் கூச்சப்படுவது அடுத்த தவறு. மேசையில் இருக்கும் துப்பு பாத்திரம் அதற்காகவே வைக்கப்பட்டது. ஒயின் தயாரிப்பவர்களே துப்பித்தான் சுவை பார்க்கிறார்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு சிறு மடக்கு எடுத்து, ஐந்து முதல் பத்து விநாடி வாய் முழுவதும் உருட்டி, பாத்திரத்தின் பக்கம் குனிந்து, உதட்டைக் குவித்து மெல்லிய தாரையாகத் துப்புங்கள். புறப்படும் முன் தண்ணீரில் நாலைந்து முறை பழகிக்கொண்டால் சட்டையில் கறை படாது. கோப்பையில் மிஞ்சியதையும் அதே பாத்திரத்தில் ஊற்றிவிடலாம்.

துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடலில் சேரத்தான் செய்யும். துப்பியதை நம்பி வண்டி ஓட்டக் கூடாது. இரத்தத்தில் 0.05 சதவீதம் என்பது பல நாடுகளில் வரம்பு. சில நாடுகளில் துளிகூட இருக்கக் கூடாது. வழிகாட்டியோடும் ஓட்டுநரோடும் போவதன் முதல் பயனே இதுதான். தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, சில ஆன்டிபயாடிக் மருந்துகள் எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். புரதமும் கொழுப்பும் உள்ள காலை உணவு ஆல்கஹால் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஒவ்வோர் ஆலையிலும் ஒரு டம்ளர் தண்ணீராவது குடியுங்கள்.

வாசனைத் திரவியம், சவர லோஷன், மணக்கும் கை கிரீம் ஆகியவற்றை அன்று ஒதுக்கி வையுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். சிறிய அறையில் ஒருவர் பூசிய சென்ட், அங்கிருக்கும் எல்லாருடைய கோப்பையையும் கெடுத்துவிடும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இனிப்பை மங்கச் செய்து கசப்பைத் தூக்கிக் காட்டும்; ஆகவே பல் துலக்கிக் குறைந்தது ஒரு மணி நேரமாவது கழியட்டும். புதினா மிட்டாயும் காபியும் கூட இடைஞ்சல்தான்.

வரிசையை மாற்றிக் கேட்பதும் சுவையைக் குலைக்கும். நுரைக்கும் ஒயின், மெல்லிய வெள்ளை, கனமான வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்), மெல்லிய சிவப்பு, அடர் சிவப்பு, இனிப்பு ஒயின் என்று போவது காரணத்தோடுதான். இனிப்பை முதலில் குடித்தால், அடுத்து வரும் இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். சிவப்பு ஒயினில் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொண்டு வாயை உலரச் செய்கிறது. வாழைப்பூவில் தெரியும் அதே துவர்ப்பு இது. ஒவ்வொரு மடக்கிலும் அது கூடிக்கொண்டே போவதால், ஆறாவது சிவப்பு ஒயின் உண்மையில் இருப்பதைவிடக் கரடாகப் படும். நடுநடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் எடுத்து இரண்டு நிமிடம் பொறுத்தால் வாய் மீண்டுவிடும்.

சீஸ் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீஸின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுக்கிவிடும். சுமாரான சிவப்பு ஒயினும் அதோடு சேர்ந்தால் அருமையாக இருக்கும். வீட்டில் திறந்து தனியாகக் குடிக்கும்போதுதான் ஏமாற்றம் தெரியும். எதையும் வாங்குவதற்கு முன், சீஸ் தொடாத வாயால் ஒரு முறை சுவைத்து முடிவு செய்யுங்கள்.

கோப்பையைச் சுழற்றும்போது உள்சுவரில் வழியும் கோடுகளைத் தரத்தின் அடையாளமாக நினைப்பவர்கள் பலர். அவை முக்கியமாக ஆல்கஹாலின் அளவைத்தான் காட்டுகின்றன. அடுத்த ஒயினுக்கு முன் ஒவ்வொரு முறையும் கோப்பையைத் தண்ணீரில் அலசவும் தேவையில்லை. தங்கும் துளிகள் ஒயினை நீர்க்கச் செய்யும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் வாடையும் சேரும். அலசியே ஆக வேண்டுமென்றால், அடுத்த ஒயினில் சில துளி கேட்டு வாங்கி, அதைக்கொண்டே அலசுங்கள்.

ஒயினில் ஈர அட்டைப் பெட்டி வாடை, பூசணம் பிடித்த வாடை அடித்தால், பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கார்க் வழியாக வரும் கெடுதல் அது. வாயைத் திறந்து சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். மணமே இல்லாமல் சப்பென்றிருந்தால், பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்று கேளுங்கள். முந்தின நாள் திறந்ததாக இருக்கலாம்.

அறுவடைக் காலத்தில் போவதிலும் யோசனை தேவை. வட கோளத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆலைகள் முழு வேகத்தில் ஓடும். கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் ஒயின் தயாரிப்பவருக்கு நின்று பேச நேரமிருக்காது. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு நொதித்து முடிப்பதற்குள் 40 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, காற்றைவிடக் கனமானது. நொதிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. நிலவறை வெயில் காலத்திலும் 12 முதல் 15 டிகிரியில் இருக்கும், தரையும் ஈரமாக இருக்கும். ஒரு மேலாடையும் வழுக்காத, மூடிய காலணியும் வேண்டும்.

அந்தக் காலணியோடு அனுமதியில்லாமல் கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி மண்ணோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குப் போய்விடும். 1860களில் தொடங்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது அதுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இன்றும் அதற்கென்று கட்டுப்பாட்டு மண்டலங்கள் இருக்கின்றன. காலணியைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொன்னால், முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எந்தெந்த ஆலைகள்? சுவைக்கும் கட்டணமும் சாப்பாடும் சேர்த்தியா? வண்டியில் எத்தனை பேர்? தொட்டியும் பீப்பாயும் இருக்கும் இடத்துக்குள் அழைத்துப் போவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், நாள் முழுவதும் விற்பனை மேசைகளின் முன்னால்தான் கழியும்.

வாங்கும்போது ஒயினின் பெயர், அறுவடை ஆண்டு, ஒரு வரிக் குறிப்பு மூன்றையும் சுவைத்த உடனே எழுதிவிடுங்கள். மூன்றாவது ஆலைக்குள் எல்லாம் குழம்பிவிடும். அங்கே மட்டுமே கிடைக்கும் ஒயினுக்கு முன்னுரிமை கொடுங்கள். கடைகளில் கிடைப்பதைச் சுமந்து வருவதில் அர்த்தமில்லை. வாங்கியதை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டலாம். ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், மணமும் வெந்துபோகும். வெப்பம் புகாத பெட்டி ஒன்றை வண்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பாட்டிலின் எடை 1.2 முதல் 1.5 கிலோ. 12 பாட்டில் பெட்டி 15 கிலோவைத் தாண்டலாம். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் எடுத்துப் போக விடுவதில்லை என்பதால், பாட்டில்களை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் வைப்பதே நல்லது. ஒவ்வொன்றையும் கசிவைத் தாங்கும் உறையில் இட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். உங்கள் நாட்டுக்குள் சுங்கத் தீர்வையில்லாமல் எத்தனை லிட்டர் கொண்டுவரலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஆலையே அனுப்பிவைப்பதாக இருந்தால், வெயில் தணிந்த மாதத்தில் அனுப்பச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.