குதிரைக் காப்பகம் தொடங்க நினைப்பவர்களுக்கு

கோபிச்செட்டிபாளையம் பக்கம் நான்கு ஏக்கர் தோப்பில் எங்கள் காப்பகம் இருக்கிறது. இப்போது ஒன்பது உருப்படிகள், அதில் ஆறு மட்டக்குதிரைகள். மலையூர்களில் சவாரிக்கு ஓடி, வயதானதும் தெருவில் விடப்பட்டவைதான் பாதி. நாங்களும் தொடங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன்: உங்களால் எத்தனை குதிரைகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று இன்றே எழுதி வையுங்கள்.

மட்டக்குதிரை முப்பது வயதுவரைகூட வாழும். பத்து வயதில் வருகிற ஒன்றுக்கு இருபது வருடம் தீனி போட வேண்டியிருக்கும். இருப்பவற்றுக்கு ஆறு மாதச் செலவு வங்கியில் இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை நாங்கள் எடுப்பதில்லை. முடியாது என்று சொல்லும்போது மனசு கனக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். காசு கொடுத்து மீட்கவும் வேண்டாம். அந்தக் காசில் உரிமையாளர்கள் இன்னொன்றை வாங்கி அதையும் வண்டியில் பூட்டுவார்கள்.

இனி முக்கியமான விஷயம். முதல் வருடம் எங்களிடம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை வந்தாள். விலா எலும்பை எண்ணிவிடலாம். பார்க்கப் பொறுக்காமல் கொள்ளை வேகவைத்து, தவிடும் வெல்லமும் சேர்த்து ஒரு பக்கெட் நிறைய வைத்தேன். ஆசையாகத் தின்றாள். நான்காம் நாள் விடிகாலையில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பசியால் செத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். நான் போட்ட தீனிதான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

பல வாரம் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறும். மூன்று முதல் ஐந்து நாளில் உயிர் போகலாம்.

அதனால் முதல் பத்து நாள் இப்படிச் செய்யுங்கள். எடையைக் கணக்கிட டேப் போதும்: மார்புச் சுற்றளவை செ.மீ.யில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் (தோள் முனையிலிருந்து பின்புற முனைவரை) பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். 200 கிலோ மட்டக்குதிரைக்கு, நிழலில் உலர்த்திய குதிரை மசால் என்ற தீவனப் பயிர் ஒரு வேளைக்குக் கால் கிலோ. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து போட வேண்டும். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பத்து நாள் ஆனபிறகு உலர்புல் தாராளமாகப் போடலாம். கொள்ளைத் தொடவே வேண்டாம். அது பல வாரம் கழித்து, டாக்டரைக் கேட்டு. தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். பழைய எடைக்குத் திரும்ப மூன்று, நான்கு மாதம் ஆகும்.

இன்னொன்று. அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் கோ-4 நேப்பியர் புல்லை அன்போடு கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாட்டுக்கு அது சரி. குதிரைக்கு அதையே முக்கியத் தீனியாக்கினால், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலும்பு தேய்ந்து முகம் வீங்கும். வெறும் வைக்கோலும் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி என்றாலே அவசரம்தான். புரண்டாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, சாணம் போடாமல் இருந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

புதிதாக வருவதை முப்பது நாள் தனியாகக் கட்டுங்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இருக்கிறதா என்ற பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்து, குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். குதிரையைப் போல் அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் பிராணி வேறில்லை. ஆண்குதிரை என்றால் காயடித்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும். பெண்குதிரை சினையா என்றும் பாருங்கள், சினைக்காலம் பதினொரு மாதம்.

குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். எங்கள் லாடக்காரரை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாக் குதிரைச் சந்தையில்தான் கண்டுபிடித்தேன். குதிரை தெரிந்தவர்கள் கூடும் இடம் அது.

காகித வேலையில் டிரஸ்ட் பதிவு, அப்புறம் டிரஸ்டுக்கும் நன்கொடை தருபவர்களுக்கும் வருமான வரிச் சலுகை கிடைப்பதற்கான பதிவுகள். போலீஸ் பிடித்துக் கொடுக்கும் குதிரை வழக்கு முடியும்வரை உங்களுடையது அல்ல. ஒப்படைக்கும் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். வழக்கில் பிடிபட்ட பிராணிகளின் பராமரிப்பு பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி பராமரிப்புச் செலவை உரிமையாளரிடம் கேட்க வழியுண்டு.

இறக்கும் குதிரையைப் புதைக்கக் குழி தோண்டவும் கிணற்றிலிருந்து தூரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள். ஜேசிபிக்காரர் நம்பர் கையில் இருக்கட்டும். ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைத்த குதிரையின் உடலில் மருந்து தங்கியிருக்கும், நாயோ கழுகோ தின்றால் அவையும் சாகும். அன்றைக்கே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.