ஹைபிரிட் டாக்கி ரப்பர்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

டேபிள் டென்னிஸ் பேட்டில் புது ரப்பர் ஒட்டியதும் பலர் முதலில் செய்வது, பந்தை அதன்மேல் அழுத்திவிட்டு பேட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது. பந்து ஓரிரு நொடி தொங்கினால் போதும், "செம டாக்கி (நல்லா ஒட்டுது), ஸ்பின் பிச்சுக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஹைபிரிட் ரப்பரை இந்தச் சோதனையை நம்பித் தேர்ந்தெடுத்தால் பணம் வீண்.

ஹைபிரிட்டின் மேல்தோல் சீன ரப்பரான ஹரிக்கேன் 3 போல ஒட்டும் தன்மை கொண்டது. அடியில் இருப்பதோ ஜெர்மன், ஜப்பானிய ரப்பர்களில் வரும் துள்ளலான ஸ்பாஞ்ச். சர்வீஸ், பந்தின் அடியைத் தேய்த்து மெல்லத் தள்ளும் புஷ், வலையோரம் குட்டையாக வைக்கும் பந்து என மெதுவான தொடுகைகளில்தான் ஒட்டும் தன்மை நன்றாகக் கைகொடுக்கும். வேகமான லூப்பில், அதாவது பந்தை மேல்நோக்கித் தேய்த்துச் சுழற்றி அடிக்கும்போது, நிலைமை வேறு. அங்கே பந்து ஸ்பாஞ்சுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கிக் கிளம்புகிறது என்பதுதான் பெரிய விஷயம். பட்டர்ஃப்ளை டிக்னிக்ஸ் 09சி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் லேசாகத்தான் ஒட்டும். ஆனால் லூப்பில் அது தரும் சுழற்சியை எதிரில் நின்று பிளாக் செய்தவர்களுக்கு (பேட்டை வைத்துத் தடுத்துத் திருப்பியவர்களுக்கு) தெரியும்.

அதிகம் பேர் ஏமாறுவது ஸ்பாஞ்சின் கடின எண்ணில். 09சி-க்கு 44 என்று போட்டிருப்பார்கள், டிபார் ஹைபிரிட் கே3-க்கு 53, ஹரிக்கேன் 3-க்கு 39, 40, 41. இதைப் பார்த்து ஹரிக்கேன்தான் மெத்தென்று இருக்கும் என்று நினைத்தால் போச்சு. மூன்றும் மூன்று வெவ்வேறு அளவுகோல்கள்: பட்டர்ஃப்ளையுடையது ஒன்று, ஜெர்மன் ரப்பர்களுடையது ஒன்று, சீனாவுடையது ஒன்று. பட்டர்ஃப்ளையின் 44-ஐ ஜெர்மன் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய கே3-இன் பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஹரிக்கேனின் 40 கையில் இன்னும் இறுக்கமாகவே தெரியும். ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே அளவுகோலுக்குள் ஒப்பிடுங்கள். டெனர்ஜி 05-இன் 36-இலிருந்து 09சி-யின் 44-க்குப் போவது சின்ன மாற்றம் அல்ல.

அந்த மாற்றம் ஆட்டத்தில் எப்படித் தெரியும்? கை வேகம் குறைவாக இருந்தால் பந்து மேல்தோலை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பும், ஸ்பாஞ்ச் வேலையே செய்யாது. நேற்றுவரை மேஜைக்குள் விழுந்த அதே லூப் இன்று வலையில் மோதும். பேட்டை வெறுமனே நீட்டி பிளாக் செய்தால் பந்து குட்டையாக விழும், எதிராளி ஏறி அடிப்பார். கோச் பந்து போட்டுக்கொடுக்க, காலை ஊன்றி முழுதாக வீசும்போது எந்த ரப்பரும் அருமையாகத்தான் தோன்றும். மேட்ச்சில் பத்துக்கு எட்டு பந்து அப்படி வராது. வாரத்தில் இரண்டு நாள் ஆடுபவருக்கு ஜெர்மன் கணக்கில் 53-ஐ விட 48 பக்கம் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஆண்ட்ரோ ராசாண்டர் வரிசையில் சி48, சி53 என்று இரண்டுமே இருக்கின்றன. ஆசை சி53-ஐக் காட்டும், கை சி48-ஐத்தான் கேட்கும்.

அப்புறம் எடை. கடினமான ஹைபிரிட் ஷீட் வெட்டி ஒட்டிய பிறகு 50 கிராமைத் தாண்டுவது சகஜம். இரண்டு பக்கமும் அதையே ஒட்டினால், 90 கிராம் பிளேடோடு (ரப்பர் ஒட்டும் மரப்பகுதி) பேட் 190-க்கு மேல் போய்விடும். மூன்றாவது கேமில் பேக்ஹேண்ட் மணிக்கட்டு சொல்லும் சேதி அதுதான். சீன அணியினரைப் பாருங்கள்: ஃபோர்ஹேண்டில் ஹரிக்கேன் ஒட்டும் பலர், பேக்ஹேண்டில் டிக்னிக்ஸ் 05 போன்ற ஒட்டாத, துள்ளும் ரப்பரை வைக்கிறார்கள். நமக்கும் அதுவே சரி. ஃபோர்ஹேண்டிலும் மிகத் தடித்த ஸ்பாஞ்ச்தான் வேண்டும் என்றில்லை. பசையோடு சேர்த்து ரப்பரின் மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. தடித்த ஷீட்டில் பசையையும் அள்ளிப் பூசினால் அந்த வரம்பை மீற வாய்ப்பு உண்டு.

பிளேடை மறந்துவிட்டு ரப்பரை மட்டும் யோசிப்பதும் தவறு. விஸ்காரியா போல வெளிப்பக்கம் கார்பன் உள்ள பிளேடில் இறுக்கமான ஹைபிரிட் ஒட்டினால், கை வேகம் போதாதவருக்குப் பந்து பேட்டில் தங்கும் உணர்வே கிடைக்காது. ஐந்தடுக்கு மரப் பிளேடோ, கார்பன் உள்ளே தள்ளி இருக்கும் பிளேடோ நிறையப் பொறுத்துப்போகும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஏசி இல்லாத ஹாலில் ஆடுபவர்கள் காற்றின் ஈரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மேல்தோலில் மெல்லிய ஈரப்படலம் படிந்தால் டாக்கி ரப்பரிலும் பந்து வழுக்கும். துடைக்க உலர்ந்த துணி ஒன்று கிட்டில் இருக்கட்டும். ஆடி முடித்ததும் துடைக்கும் ஈர ஸ்பாஞ்சால் தூசியை எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாதுகாப்பு பிலிம் ஒட்டி வையுங்கள். சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

ஸ்பாஞ்சின் துள்ளலைக் கூட்டும் பூஸ்டர் திரவத்தைத் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கிய ரப்பரில் அப்படி எதையும் சேர்க்க சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகள் அனுமதிப்பதில்லை. தவிர, அந்தத் துள்ளலைத் தொழிற்சாலையிலேயே ஏற்றித் தருவதற்குத்தான் ஹைபிரிட்டுக்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம்.

முடிந்தால் கிளப்பில் யாரிடமாவது அந்த ரப்பர் ஒட்டிய பேட்டை வாங்கி ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். லூப் போட்டுப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு சர்வீஸ் எடுப்பது, பிளாக், அவசரத்தில் பாதிக் கையோடு அடிக்கும் பேக்ஹேண்ட் என்று சோதியுங்கள். அதில் பந்து மேஜைக்குள் விழுந்தால் தாராளமாக வாங்கலாம்.