ஒட்டிய வீடியோ ஏன் பாதியில் குழம்புகிறது?

மூன்று கிளிப்புகள். மூன்றுமே எம்பி4. தனித்தனியாக ஓடவிட்டால் எதிலும் குறை இல்லை. மூன்றையும் ஒரே வீடியோவாக ஒட்டி முடித்துப் பார்த்தால் முதல் கிளிப் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாவது தொடங்கியதும் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். மூன்றாவதில் பேசுகிறவர் வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கிறது. உடனே மென்பொருளைத்தான் திட்டத் தோன்றும். நானும் பல நாள் அதைத்தான் செய்தேன். மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே பச்சைக் கட்டங்கள் வந்த பிறகுதான், கோப்புகளுக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று புத்தி வந்தது.

எம்பி4 என்பது வெறும் டப்பா. எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ எல்லாமே டப்பாக்கள்தான். உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய முறை (கோடெக்) எச்.264 ஆக இருக்கலாம், எச்இவிசி ஆக இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். ஒலி தனிக் கணக்கு. டப்பா ஒன்றுபோல இருப்பதால் சரக்கும் ஒன்றுதான் என்று நம்புவது முதல் தவறு. கோப்புப் பெயரில் எம்கேவி என்ற வாலை வெட்டிவிட்டு எம்பி4 என்று பெயர் மாற்றுவது அதன் தம்பி. பெயரை மாற்றினால் பெயர் மட்டும்தான் மாறும்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கிளிப்பையும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். வீடியோவைக் கட்டளைகளால் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அதனுடனே வரும் எஃப்எஃப்புரோப் போதும். கோடெக், ரெசல்யூஷன் (படத்தின் அளவு), ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்), பிட் டெப்த் (நிற நுணுக்கம்), ஒலியின் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிந்தது), ஒலி எத்தனை சேனல் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால், எந்தக் கிளிப் மற்றவற்றோடு சேரவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் மேலே சொன்ன மூன்று கிளிப்புகளில் முதலாவது கேமராவில் எடுத்தது: எச்.264, 8 பிட், ஒலி 44,100 ஹெர்ட்ஸ். இரண்டாவது போனில் எடுத்தது: எச்இவிசி, 10 பிட். மூன்றாவதில் படம் முதலாவதோடு ஒத்துப்போனது. ஒலி மட்டும் 48,000 ஹெர்ட்ஸ். மறு என்கோடிங் (பிரித்து மறுபடி சுருக்குவது) இல்லாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது, பல நேரம் முதல் கிளிப்பின் விவரம்தான் முழுக் கோப்புக்கும் தலைப்பாகிவிடும். 48,000 வேகத்தில் பதிவான ஒலியை 44,100 என்று நினைத்து வாசித்தால், 60 விநாடிப் பேச்சு ஏறக்குறைய 65 விநாடிக்கு நீளும், குரலும் கட்டையாகும். படம் அதன் பாட்டுக்குப் போகும், ஒலி பின்னால் இழுபடும்.

பச்சைக் கட்டங்களுக்கும் காரணம் இதே மாதிரிதான். எம்பி4-இல் படத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்ற குறிப்பு பெரும்பாலும் கோப்பின் தலைப்பில் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டாம் கிளிப்பை முதல் கிளிப்பின் குறிப்பை வைத்துப் படித்தால் குப்பைதான் வரும். இரண்டு கிளிப்பும் எச்.264, 1920×1080, 30 ஃபிரேம் என்று எல்லாம் பொருந்தியும் இது நடக்கலாம், ஏனென்றால் கேமராவின் என்கோடரும் கணினியின் என்கோடரும் உள்ளே வேறு வேறு அமைப்புகளை வைத்திருக்கும். அப்படி இருந்தால் கிளிப்புகளை முதலில் டிஎஸ் என்ற இன்னொரு டப்பா வடிவத்துக்கு மாற்றி ஒட்டிப் பாருங்கள். அதில் இந்தக் குறிப்பு படத்தோடு கூடவே போவதால் பல நேரம் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

ஒட்டும் முறையில் வரும் குழப்பம்

எஃப்எஃப்எம்பெக்கில் கான்கேட் (ஒட்டுவது) என்ற பெயரில் மூன்று வழிகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்கள். பட்டியல் கோப்பைக் கொடுத்து ஒட்டும் டீமக்ஸர் வழி நகலெடுத்து ஒட்ட ஏற்றது. ஒரே கேமராவில் ஒரே அமைப்பில் எடுத்தவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பயன்படுத்தலாம். ஃபில்டர் வழி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி என்கோட் செய்யும். நேரம் பிடிக்கும், ஆனால் கோடெக் வேறாக இருந்தாலும் ஒட்டும். ரெசல்யூஷன் வேறென்றால் மட்டும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவதான புரோட்டோகால் வழி பைட்டுக்குப் பின் பைட்டாக அடுக்குவது. டிஎஸ் போன்றவற்றுக்குச் சரி, எம்பி4-க்கு ஆகாது. அதில் ஒட்டிய எம்பி4 முதல் கிளிப்போடு நின்றுவிடும். விண்டோஸின் காப்பி கட்டளையால் ஒட்டினாலும் இதே கதைதான்: கோப்பின் அளவு மூன்றையும் கூட்டினால் வருவதுபோல இருக்கும், ஓடுவதோ ஒன்று மட்டும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக்தான், அதனால் மேலே சொன்ன பொருத்தம் அதற்கும் வேண்டும்.

பிழைச் செய்தி கண்டதும் கணினியில் கோடெக் பேக் (கோடெக்குகளின் தொகுப்பு) ஏற்றுவது இன்னொரு பழைய வழக்கம். வேண்டாம். எஃப்எஃப்எம்பெக், விஎல்சி பிளேயர் இரண்டும் தங்கள் கோடெக்கைத் தாங்களே வைத்திருக்கின்றன. ஒட்டிய கோப்பு விண்டோஸ் பிளேயரில் கறுப்பாகத் தெரிந்து ஒலி மட்டும் கேட்டால், முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, அந்த பிளேயருக்குத்தான் எச்இவிசி தெரியவில்லை.

எதை மாற்றுவது, எதை விடுவது

ஒன்று சேரவில்லை என்றதும் எல்லாவற்றையும் மறுபடி என்கோட் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். ஒலி மட்டும் வேறுபட்டால் ஒலியை மட்டும் மாற்றுங்கள், படத்தை நகலெடுங்கள். ஒரு மணி நேர வீடியோவானாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு கிளிப்பில் ஒலியே இல்லை என்றால் (திரைப் பதிவுகளில் இது சகஜம்) அதற்கு ஒரு மௌன ஒலித்தடத்தைச் சேர்த்துவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் அதற்குப் பின் வரும் ஒலி முழுவதும் முன்னே நகர்ந்துவிட வாய்ப்புண்டு.

போன் வீடியோக்களில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஐபோன்களில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்இவிசியில் பதியும் வசதி இருக்கிறது. கேமரா அமைப்பில் அதிக இணக்கமானதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264-இல் பதியும். ஒட்டப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் எடுக்கும்போதே இதை மாற்றிவிடுவது உத்தமம். அப்புறம், நிமிர்த்திப் பிடித்து எடுத்தது ஒட்டிய பின் படுத்துக் கிடந்தால் அது கோடெக் கோளாறு இல்லை. பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே பதிந்து, திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். ஒட்டும்போது அந்தக் குறிப்பு தொலைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் மறுபடி என்கோட் செய்தே ஆக வேண்டிய நிலையும் வரும். சரி, செய்யுங்கள், ஆனால் மூலக் கோப்பிலிருந்து ஒரே ஒரு முறை. ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் தரம் தேயும். எச்.264-க்கு என்கோட் செய்யும் எக்ஸ்264-இல், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண் கொடுக்காவிட்டால் 23 என்று எடுத்துக்கொள்ளும். நான் 18 வைப்பேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும்.

ஒட்டி முடித்ததும் முதல் பத்து விநாடியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டு மூலக் கிளிப்புகளை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் முன்னும் பின்னும் ஐந்து விநாடி, பிறகு கடைசி ஒரு நிமிடம் முழுதாக. ஒலி இழுபடுவது அந்தக் கடைசி நிமிடத்தில்தான் நன்றாகத் தெரியும்.