பீச் ஜாம்: சாற்றை முதலில் காய்ச்சுங்கள்

தோல் உரித்து நறுக்கிய பீச் 1 கிலோவுக்கு 700 கிராம் சர்க்கரை, 2 எலுமிச்சையின் சாறு சேர்த்துப் பிசிறி, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் இறங்கியிருக்கும் சாற்றை மட்டும் வடித்து, அகலமான பாத்திரத்தில் பாகாகும்வரை கொதிக்கவிட்டு, அதன்பிறகு துண்டுகளைப் போடுங்கள்.

பழத்திலுள்ள நீரைச் சர்க்கரை முன்பே இழுத்துவிடுவதால், அது வற்றும்வரை பழத்தையும் வேகவிட வேண்டியதில்லை. கேஸ் மிச்சம். நெடுநேரம் கிளறினால் வரும் பழுப்பு நிறமும் இல்லை, மணமும் ஆவியோடு போகாது. ஜாமை இறுக வைக்கும் பெக்டின் பீச்சில் குறைவு, அதனால் எலுமிச்சையைக் குறைக்காதீர்கள். செங்காயாக ஒன்றிரண்டு பழம் கலந்தால் இன்னும் நன்றாக இறுகும். ஃப்ரீசரில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு ஜாம் விட்டு, சிறிது பொறுத்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் அடுப்பை அணைத்துவிடலாம்.

கனிந்து குழைந்த பழத்துக்கு இது சரிவராது. வடிக்கும்போதே கூழாக இறங்கி அடிப்பிடிக்கும். டின் பீச் ஏற்கெனவே பாகில் ஊறியது, அதற்கு இந்த முறை தேவையே இல்லை. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் சாறும் அவ்வளவாக இறங்காது, ஜாமும் வெளியில் தாங்காது.