குழந்தை இன்னும் திரும்பவில்லையா? எந்த நிலைக்கு எதைச் செய்வது

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மனசு பதைபதைக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “சிஸ்டர், பிள்ளை இன்னும் திரும்பலையாம், நான் என்ன செய்யணும்?” பிரசவ அறையில் செவிலியராக இருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது எத்தனையாவது வாரம்? பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது?

‘திரும்பவில்லை’ என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் மூன்று நிலைகள் உண்டு. தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருப்பது ஒன்று. குறுக்காகக் கிடப்பது இன்னொன்று. மூன்றாவதில் தலை கீழேதான் இருக்கும், ஆனால் குழந்தையின் முதுகு அம்மாவின் முதுகோடு ஒட்டியிருக்கும். ஒன்றுக்குச் சொன்ன யோசனையை மற்றொன்றுக்குச் செய்து வீணாகக் களைத்துப்போனவர்கள் நிறைய.

முதலில் வாரக் கணக்கு. 28-ஆவது வாரத்தில் ஏறக்குறைய நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலையை மேலே வைத்துக்கொண்டுதான் இருக்கும். நிறைமாதத்தில் அது நூற்றுக்கு மூன்று நான்காகக் குறைந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகள் 36 வாரத்துக்குள் தானாகவே திரும்பிவிடுகின்றன. அதனால் 30, 32 வாரத்தில் ‘பிரீச்’, அதாவது பிட்டம் கீழே, என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். 36-ஆவது வாரப் பரிசோதனையில்தான் இந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும்.

எப்படிப் படுத்திருக்கிறது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். வயிறு இறுகாத நேரமாக இருக்கட்டும். விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையை அகலமாக வைத்து, விலா எலும்புக்குக் கீழே மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக, உருண்டையாக, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ‘டக்’கென்று தனியாக அசைந்தால் அது தலை. மெத்தென்று இருந்து, தள்ளும்போது உடம்பு முழுவதும் கூடவே நகர்ந்தால் அது பிட்டம். அப்புறம் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாக, வழவழப்பாக ஒரு தடுப்புபோல் இருந்தால் அது முதுகு. மறுபக்கத்தில் கைகால்கள் சின்னச் சின்ன முண்டுகளாகத் தட்டுப்படும்.

உதை எங்கே விழுகிறது என்பதும் துப்புக் கொடுக்கும். விலாவுக்குக் கீழே பலமான உதை என்றால் தலை கீழே இருக்க வாய்ப்பு அதிகம். அடிவயிற்றில், சிறுநீர்ப்பையின் மேலேயே உதைத்தால் கால் கீழே இருக்கலாம். தொப்புளைச் சுற்றி முன்பக்கமாகவே கைகால் ஆட்டம் தெரிந்து, அந்த இடம் கொஞ்சம் குழிந்தும் இருந்தால், முதுகோடு முதுகு ஒட்டிய நிலையாக இருக்கலாம். நஞ்சு (நஞ்சுக்கொடி) முன்பக்கம் ஒட்டியிருந்தால் உதை சரியாகத் தெரியாது. உங்கள் கைக்குக் குறை ஒன்றும் இல்லை. எதுவானாலும் இது யூகம்தான், முடிவு ஸ்கேனில்தான்.

குறுக்காகக் கிடக்கும் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் அவசரம் உண்டு. 37 வாரம் தாண்டியும் குழந்தை குறுக்கே இருந்தால் வீட்டில் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். கருப்பை வாயை அடைக்கத் தலை இல்லாததால், பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முதலில் வழுக்கி இறங்கிவிடலாம். தண்ணீர் உடைந்தால் நடக்க வேண்டாம். ஆம்புலன்ஸை அழையுங்கள். கொடி வெளியே தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ அதைத் தொடாமல், முழங்காலிட்டு, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பிட்டத்தை உயர்த்திய நிலையில் உதவி வரும்வரை இருங்கள்.

முதுகோடு முதுகு ஒட்டிய நிலையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் அம்மாக்கள் தேவையில்லாமல் தங்களை நொந்துகொள்கிறார்கள். கழுத்து இறுக்கமான சட்டையைப் போடும்போது தாடையை மார்பில் ஒட்டி உச்சந்தலையை நுழைத்தால் சட்டென்று இறங்கிவிடும். முகத்தை நிமிர்த்தினால் நெற்றியில் சிக்கும். பிறக்கும்போதும் அதே கதைதான். நன்றாகக் குனிந்த தலையின் குறுக்களவு சுமார் 9.5 செ.மீ. முதுகு ஒட்டிய நிலையில் தலை பெரும்பாலும் சரியாகக் குனிவதில்லை, அளவு 11.5 செ.மீ. வரை போகும். அதனால் வலி நேரம் நீளும், இடுப்பின் பின்பக்கம் உடைவதுபோல வலிக்கும்.

சாய்வு நாற்காலியில் சாயாதே, முன்பக்கம் குனிந்தே இரு, கையையும் முழங்காலையும் ஊன்றி நில் என்ற அறிவுரைகளை 1990-களில் பரவலாக்கியவர் ஜீன் சட்டன் என்ற நியூசிலாந்து மருத்துவச்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2,500-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசி வாரங்களில் தினமும் இரண்டு வேளை, பத்து நிமிடம் நான்கு காலில் நின்று இடுப்பை அசைத்தவர்களுக்கும் தினமும் நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும், பிறக்கும்போது குழந்தை இருந்த நிலையில் வித்தியாசம் இல்லை. ஆகவே சோபாவில் சாய்ந்து உட்கார்ந்ததால்தான் பிள்ளை அப்படிப் போய்விட்டது என்று யாராவது உங்களைக் குறை சொன்னால், அதற்கு ஆதாரமில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இருந்தாலும் அந்தப் பயிற்சியை நான் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறேன், காரணம் முதுகு வலி. தரையில் விரிப்பைப் போட்டு, கைகள் தோளுக்கு நேர் கீழேயும் முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழேயும் வருமாறு நில்லுங்கள். வயிறு தொங்கட்டும். மூச்சை விடும்போது முதுகை மேலே வளைத்து, இழுக்கும்போது சமமாக்குங்கள். பள்ளமாகத் தொங்கவிட வேண்டாம். மணிக்கட்டு வலித்தால் முன்கைகளை ஒரு தலையணை மேல் வைத்துக்கொள்ளலாம். சுகமாக இருக்கும்வரை செய்தால் போதும். தூங்கும்போது 28 வாரத்திலிருந்தே ஒருக்களித்துப் படுங்கள், இடமோ வலமோ எந்தப் பக்கமானாலும் சரி. இது பிள்ளை திரும்புவதற்காக அல்ல, அதன் உயிர்ப் பாதுகாப்புக்காக. நடுவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பயப்படாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலை வலி தொடங்கிய பிறகுதான் நடக்கிறது. வலி ஆரம்பிக்கும்போது நூற்றுக்கு 15 முதல் 30 குழந்தைகள் இந்த நிலையில் இருக்கலாம். பிறக்கும்போது அப்படியே இருப்பவை ஐந்து போலத்தான், மற்றவை வழியிலேயே திரும்பிவிடும். இடுப்பெலும்பின் மேல் வாசல் பக்கவாட்டில் அகலம், கீழ் வாசல் முன்பின்னாக அகலம். இறங்க இறங்கத் தலை திரும்பித்தான் ஆக வேண்டும். நீங்கள் அசைந்துகொண்டே இருந்தால் அதற்கு வழி கிடைக்கும். நடங்கள். வலி வரும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னால் சாய்ந்து இடுப்பை வட்டமாக ஆட்டுங்கள். உயரம் குறைந்த முக்காலியில் ஒரு காலைப் பக்கவாட்டில் ஊன்றி, அந்தப் பக்கமாக மெல்லச் சாய்ந்து நிமிருங்கள். கூடவே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். துணைக்கு இருப்பவர் உங்கள் இடுப்பின் பின்னெலும்பை உள்ளங்கையால் பலமாக அழுத்திக் கொடுத்தால், அந்த நிமிடத்துக்கு அது பெரிய வரம். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் தலை இறங்க இடைஞ்சல், அதனால் அடிக்கடி காலி செய்யுங்கள். வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டிருந்தால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவப் பந்தோ தடித்த தலையணையோ வைத்து, அவ்வப்போது பக்கம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கருப்பை வாய் முழுதாகத் திறந்தும் தலை திரும்பாவிட்டால், மருத்துவர் கையாலேயே திருப்பிவிடப் பார்ப்பார்.

இனி பிட்டம் கீழே இருக்கும் நிலை. இடுப்பைத் தலையணையில் உயர்த்திப் படுப்பது பலரும் சொல்வது. அது திருப்பும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. செய்ய ஆசை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு சில நிமிடம் மட்டும் செய்யுங்கள், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். வயிற்றை உருவித் திருப்பிவிடுகிறேன் என்று மருத்துவமனைக்கு வெளியே யார் வந்தாலும் தயவுசெய்து தொடவிடாதீர்கள். நஞ்சு பிரிந்து ரத்தம் போனாலும், குழந்தையின் துடிப்பு விழுந்தாலும், அங்கே காப்பாற்ற வழியிருக்காது.

பலன் தெரிந்த வழி, மருத்துவமனையிலேயே மருத்துவர் வெளியிலிருந்து கையால் திருப்புவது. தலைப்பிரசவம் என்றால் 36 வாரத்திலிருந்தும், முன்பே பெற்றவர்களுக்கு 37-இலிருந்தும் செய்வார்கள். ஸ்கேன் பார்த்து, துடிப்பைப் பதிவு செய்து, கருப்பை தளர ஊசி போட்டு, பிட்டத்தைக் கீழிருந்து தூக்கி, தலையைக் குட்டிக்கரணம் போடும் திசையில் தள்ளுவார்கள். சங்கடமாக இருக்கும், சிலருக்கு வலிக்கும். ‘போதும்’ என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள், இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். மொத்தத்தில் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. முதல் பிள்ளைக்குப் பத்தில் நான்கு, அடுத்த பிள்ளைகளுக்குப் பத்தில் ஆறு. இருநூறில் ஒருவருக்கு உடனடி சிசேரியன் தேவைப்படலாம் என்பதால்தான் அது மருத்துவமனையிலேயே நடக்கிறது. ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றிக் கேளுங்கள். நஞ்சு கீழே இருந்தாலோ, சமீபத்தில் ரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ இதைச் செய்ய மாட்டார்கள்.

எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

அப்படியும் திரும்பாத பிள்ளைக்குப் பெரும்பாலும் 39-ஆவது வாரத்தில் சிசேரியனுக்கு நாள் குறிப்பார்கள். அனுபவமுள்ள குழு இருக்கும் இடத்தில், பொருத்தமான சிலருக்கு பிட்டப் பிரசவத்தையும் சுகப்பிரசவமாகவே பார்ப்பார்கள். உங்கள் மருத்துவமனையில் யார் செய்கிறார்கள், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிசேரியன்தான் என்று முடிவானால், அன்று காலை அறுவை அறைக்குள் போகும் முன் இன்னொரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் திரும்பிவிடும் பிள்ளைகளும் உண்டு.