திரும்பும் இடத்தில் தொலையும் 6.4 ஆண்டுகள்

மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் பி.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சிறப்புச் சார்பியல் (வேகத்தைப் பொறுத்து நேரமும் தூரமும் எப்படி மாறும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் கோட்பாடு) வந்தால், அந்தக் காலத்தில் நான் சறுக்கிய அதே இடத்தில் இவர்களும் சறுக்குகிறார்கள். அலகை விடுவது, வர்க்கமூலத்தை மறப்பது எல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள். விடாமல் சறுக்கும் இடங்களைத் தலைப்பாகப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

எல்லாமே சார்புதான்

இல்லை. புதுச்சேரி பஸ் சீராக ஓடினால் உள்ளே இருப்பவருக்கு வேகம் தெரியாது. ஓட்டுநர் பிரேக் போட்டால் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். ரோட்டோர டீக்கடை கிளாஸில் டீ அசைவதில்லை. வேகம் சார்பு, அதாவது பார்ப்பவரைப் பொறுத்தது; ஆனால் முடுக்கம் (வேகம் மாறுவது) யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

முடுக்கம் வந்தால் பொதுச் சார்பியல்

இன்றும் எனக்கு ஆத்திரம் வரவைக்கும் தவறு இது. இரட்டையர் கணக்கை எடுங்கள். அண்ணன் கடலூரிலேயே இருக்கிறான். தம்பி ஒளியின் வேகத்தில் 0.8 பங்கு வேகத்தோடு 4 ஒளியாண்டு தூரம் போய் உடனே திரும்புகிறான். அண்ணனுக்கு 10 வயது கூடுகிறது, தம்பிக்கு 6தான். "தம்பி பார்வையில் அண்ணன்தானே நகர்கிறான், அப்புறம் ஏன்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. "திரும்பும்போது முடுக்கம் இருக்கிறது, அதற்குப் பொதுச் சார்பியல் வேண்டும்" என்பார்கள் அவர்களே. ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில் நானும் இதைத்தான் சொன்னேன். இடம் கிடைக்கவில்லை.

பொதுச் சார்பியல் தேவைப்படுவது ஈர்ப்புக்கு. முடுக்கத்தைச் சிறப்புச் சார்பியலே பார்த்துக்கொள்ளும்: கணத்துக்குக் கணம் உள்ள வேகத்தை வைத்துக் கடிகார நேரத்தைக் கூட்டினால் போதும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 14 மீட்டர் விட்ட வளையத்தில் மியூவான்களை (சீக்கிரம் சிதைந்துபோகும் நுண்துகள்களை) ஒளிவேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்றவிட்ட சோதனையின் முடிவு 1977இல் வந்தது. அவற்றின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 1க்குப் பின் 18 சுழி மடங்கு. ஓய்வில் 2.2 மைக்ரோவினாடியாக இருக்கும் ஆயுள் சுமார் 64 ஆனது. வேகத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கும் அதையேதான் சொன்னது.

சரி, தம்பியின் கணக்கைப் பார்ப்போம். போகும் வழியில் அவனுக்கு 3 ஆண்டு. அதற்குள் அண்ணனுக்கு 1.8. வரும் வழியிலும் 1.8. கூட்டினால் 3.6. மீதி 6.4 எங்கே? போன வாரம் ஒரு மாணவி இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியதும் தம்பி வேறொரு நிலைமக் குறிப்பாயத்துக்கு (சீரான வேகத்தில் போகிறவரின் அளவீட்டுச் சட்டகத்துக்கு) மாறிவிட்டான். "இந்த நேரத்தில் கடலூரில் என்ன தேதி?" என்ற கேள்விக்குப் பழைய குறிப்பாயத்தில் விடை 1.8 ஆண்டு, புதியதில் 8.2 ஆண்டு. இரண்டுக்கும் இடைவெளி 2 × 0.8 × 4, அதாவது 6.4. தம்பி திரும்பவே வேண்டாம். அதே வேகத்தில் எதிரே வரும் இன்னொரு விண்கலம் அவனைக் கடக்கும்போது அவன் கடிகார நேரத்தை வாங்கிக்கொண்டு கடலூர் வந்தாலும் 6தான். முடுக்கம் எங்குமே இல்லை.

0.8 + 0.8

ஒளிவேகத்தின் பங்காகச் சொன்ன இந்த இரண்டு வேகங்களையும் கூட்டினால் 1.6 அல்ல, 0.976.

கண்ணில் படுவது

தூரத்துக் கடிகாரத்தைப் பார்த்தால், ஒளி வந்து சேர ஆன நேரத்தைக் கழித்த பிறகே கால நீட்டிப்பை, அதாவது நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவதைப் பேசுங்கள்.

வெறும் எண்

நேரம் எழுதினால் யாருடைய கடிகாரம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.